அசல் சைனா

பர்யாலை எழுந்தான். அடுப்பைப் பற்ற வைத்தான். குளிர்காலக் காலையில் பெஷாவரில் கேஸ் மெழுகுவத்தி அளவுக்குத்தான் எரியும். அதன் மேல் தண்ணீரை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் சவரம் செய்து முடித்தான். ஏலக்காய் தட்டிப் போட்டுப் பச்சைத் தேநீர் இறக்கினான். நேற்றைய ரொட்டியை அதில் நனைத்துத் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். படுக்கையில் ஒரு பாதிதான் கலைந்திருந்தது. அந்தப் பாதியை மட்டும் சரிசெய்தான். சால்வையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மனைவி இறந்த பிறகு இந்த வரிசை மாறியதில்லை. மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

தெருவில் பழைய சுசூகி உறுமிக்கொண்டு நின்றது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் ஜன்தாத் அதை அணைக்கவே மாட்டான். ஜன்தாத் முன்னாள் பஸ் கண்டக்டர், இப்போது பர்யாலையின் வேலைக்குத் துணை. ஸ்டியரிங் பிடிப்பவர் யாராக இருந்தாலும் அவனுக்கு உஸ்தாத். இப்போது பர்யாலை பிடிக்கிறான், அதனால் பர்யாலைதான் உஸ்தாத்.

"முகத்தைக் கொஞ்சம் மாத்திக்கிட்டு வரக்கூடாதா உஸ்தாத்? இதோட போனா, எழவு நம்ம வீட்டுலதான்னு நினைச்சு எல்லாரும் நம்மகிட்ட துக்கம் விசாரிப்பாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பர்யாலை கியரைப் போட்டான்.

பர்யாலை சட்டம் படித்தவன். கறுப்புக் கோட்டு போட்டு வாதாடப் பிடிக்காமல், வாதாடுபவர்களுக்குத் துப்பு சேகரித்துக் கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டவன். நேற்று மாலை ஒரு வக்கீல் இந்த வேலையைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "பெருசா நம்பிக்கை இல்ல தம்பி. போய்ப் பாத்துட்டு வாங்க," என்றார்.

சார்சத்தா பக்கம் மீராகலே என்ற ஊர். அங்கே மம்ரேஸ் என்ற விவசாயி போன வாரம் தன் வீட்டுக்குள், தன் கைத்துப்பாக்கியின் குண்டு பட்டு இறந்தான். அப்போது அந்த அறையில் இருந்தது அவன் மனைவி தோர்பெகாய் மட்டும். துப்பாக்கி உறையோடு ஆணியில் தொங்கியது, மண் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டது, துப்பாக்கி விழுந்து தானாக வெடித்தது என்று அவள் சொன்னாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஊர் அதோடு விடவில்லை. மம்ரேஸின் தம்பி லாஜ்பர் ஊர்ப் பெரியவர்களிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"அது அசல் சைனா. சைனா விழுந்து வெடிக்காது."

அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கைத்துப்பாக்கி இல்லாத ஆண் இல்லை. சீனாவில் செய்த துப்பாக்கியை, அவர்கள் சொல்லும் சைனாவை, நம்பாத ஆணும் இல்லை. துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை என்றால் அவள்தான் சுட்டிருக்கிறாள். இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜிர்கா, ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்து, கூடித் தீர்ப்பு சொல்லும். தீர்ப்பு அவளுக்கு எதிராகப் போனால் அவள் கதி என்ன என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"ஆக, நம்ம எதிராளி லாஜ்பர் இல்ல. சைனா," என்றான் ஜன்தாத். "ஒரு நாட்டோட நல்ல பேரைக் கெடுக்கணும். அஸருக்குள்ள."

"முதல்ல அந்த நல்ல பேரு உண்மையான்னு பாக்கணும்."

பர்யாலை வண்டியை கார்கானோ மார்க்கெட் பக்கம் திருப்பினான்.

*

மம்ரேஸுக்குத் துப்பாக்கி விற்ற ஹாஜி நியாம் கடையைத் திறந்து, ஹீட்டருக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவர் காலை மடக்கிக்கொண்டார்.

"நான் கொடுத்தது அசல் சைனா. என் பையன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"பையன் தலையை விடுங்க ஹாஜி, பாவம். பிஸ்டலைக் காட்டுங்க," என்றான் ஜன்தாத்.

ஹாஜி ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பர்யாலை குனிந்து பார்த்தான். பார்க்க லட்சணமாக இல்லை. இரும்பின் மேல் அரம் போட்ட தடம் அப்படியே இருந்தது. கைப்பிடியின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பின்பக்க மூலையில் பிசிறு. தடவிய விரலைக் கீறியது.

"இதுவா அசல்?"

"இதுதான் அசல். ரஷ்யாக்காரன் பிஸ்டலைப் பாத்து சைனாக்காரன் செஞ்சான். சைனாக்காரனைப் பாத்து நம்மாளுங்க செய்றாங்க."

"நம்மாளுங்களைப் பாத்து யாரு செய்றாங்க ஹாஜி?"

"நம்மளைப் பாத்து யாரும் எதுவும் செய்றதில்ல," என்றார் ஹாஜி சலிப்பாக. "வர்றவன் எல்லாம் இதையேதான் கேக்கறான். ஏன் இவ்வளவு முரடா இருக்கு, ஏன் இவ்வளவு அசிங்கமா இருக்கு. ஏம்ப்பா, இதைக் கட்டிக்கப் போறியா, சுடப் போறியா? சைனாக்காரன் வெளிய காசு செலவழிக்க மாட்டான். உள்ள செலவழிப்பான். குழாய் உள்ள துரு பிடிக்காது. சேத்துல போட்டு எடுத்துச் சுடு, சுடும். ஐரோப்பாக்காரன் சரக்கு விலையில பத்துல ஒரு பங்கு."

"என் கல்யாணத்துல இதுக்கு நேர்மாறா நடந்துச்சு ஹாஜி. வெளிய மட்டும்தான் செலவு பண்ணியிருந்தாங்க."

பர்யாலை சிரிக்கவில்லை. "விழுந்தா வெடிக்குமா?"

ஹாஜி அதைக் கையில் எடுத்தார். குண்டு இல்லை என்று இரண்டு முறை திறந்து காட்டினார். பின்னால் இருந்த சிறு கொண்டியை இழுத்து ஏற்றினார். சேஃப்டியைப் போட்டார். எழுந்து நின்று, தோள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டார். டமார் என்று விழுந்தது. கொண்டி ஏறிய இடத்திலேயே நின்றது. அது இறங்கினால்தான் குண்டு வெடிக்கும். எடுத்து மறுபடி போட்டார். மறுபடி போட்டார். தரைதான் பெயர்ந்தது.

"இப்படித்தான் எல்லாரும் மாட்டி வைக்கிறாங்க. குண்டை உள்ள ஏத்தி, கொண்டியை இழுத்து, சேஃப்டியைப் போட்டு. நாட்டுச் சரக்கை அப்படி மாட்டினா நானே திட்டுவேன். இதை நம்பி மாட்டலாம்." ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்கு நான் கெட்டது நினைக்கல தம்பி. ஆனா சைனா விழுந்து வெடிக்காது."

வெளியே வந்ததும் ஜன்தாத் காதைச் சொறிந்தான்.

"அந்தப் பொண்ணு பக்கத்துக்குச் சாட்சி தேடி வந்தோம். லாஜ்பர் பக்கத்துக்கு நல்ல சாட்சியா கிடைச்சிருச்சு. திரும்பிப் போயிரலாமா?"

"ஏறு."

*

வழி நெடுக கரும்பு. வெல்லம் காய்ச்சும் புகை சாலையின் மேல் படுத்திருந்தது. இருவரும் பேசவில்லை. ஜன்தாத் பேசாமல் இருப்பது அபூர்வம். பர்யாலைக்கு அதுவும் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான்.

மீராகலேயின் பெரியவர் மலிக் சனோபர். தோர்பெகாய் அவர் வீட்டில்தான் அடைக்கலம் இருந்தாள். அவருடைய ஹுஜ்ராவில், ஆண்கள் கூடும் அந்த நீண்ட கூடத்தில், கயிற்றுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். வாசலை ஒட்டிய சுவரில் மரமுளைகள் வரிசையாக இருந்தன. வருகிறவர்கள் தங்கள் ஆயுதத்தை அதில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். பெரியவர் வீட்டில் இடுப்பில் ஆயுதத்தோடு உட்காருவது அவரை நம்பவில்லை என்பதற்குச் சமம்.

உள்ளே உட்கார்ந்திருந்தவன் இளைஞன். தாடி வாரப்படாமல் இருந்தது. வெளிர் சாம்பல் சால்வையை உடம்போடு இறுக்கிச் சுற்றியிருந்தான். மலிக், "இவன்தான் லாஜ்பர். போனவனோட தம்பி," என்றார்.

முளைகளில் ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் தொங்கியது.

"அது யாரோடது பெரியவரே?" என்று பர்யாலை கேட்டான்.

"என்னோடது."

லாஜ்பருடையது எங்கே என்று பர்யாலை கேட்கவில்லை. அவன் பார்வையை மலிக்கே புரிந்துகொண்டார். "துக்கத்துல இருக்கற பையன். விட்டுட்டேன்," என்று மெதுவாகச் சொன்னார்.

தேநீர் வந்தது. லாஜ்பர் கோப்பையைத் தொடவில்லை.

"வக்கீல் ஆளுங்களா?" என்றான். "எதுக்கு வந்தீங்க? நான் பொய் சொல்றேன்னு சொல்லவா?"

"நாங்க தேநீர் குடிக்க வந்தோம் தம்பி," என்றான் ஜன்தாத். "நீ சொல்றதை நீ சொல்லு. நாங்க சர்க்கரை கேக்கறோம்."

"சைனா விழுந்து வெடிக்காது. யாரை வேணா கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் வர்றோம். வெடிக்காதுன்னுதான் சொன்னாங்க."

லாஜ்பர் இதை எதிர்பார்க்கவில்லை. பெருமூச்சு விட்டான். விடுதலையான மூச்சு மாதிரி இருந்தது. சால்வை கொஞ்சம் தளர்ந்தது. ஜன்தாத் எட்டிப் பார்த்தான்.

"வெயிஸ்ட்கோட்டு புதுசு போல. ஆனா இடுப்புப் பக்கம் உள்துணி கிழிஞ்சிருக்கே தம்பி. வீட்டுல எலியா?"

லாஜ்பர் சால்வையை மறுபடி இழுத்துக்கொண்டான். "கல்யாண வீட்டுல ஆணி மாட்டிக்கிச்சு. எங்க மாமா மகன் கல்யாணம்."

"எப்போ?"

"அண்ணன் போறதுக்கு ரெண்டு நாள் முன்னால." சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான்.

மலிக் உள்ளிருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து கட்டில் மேல் பிரித்தார். மம்ரேஸைக் கொன்ற கைத்துப்பாக்கி, உறையோடு. குண்டுகளைத் தனியே எடுத்து வைத்திருந்தார். உறையின் அடியில் குண்டு துளைத்த ஓட்டை.

பர்யாலை துப்பாக்கியை உருவினான். சத்தமில்லாமல், தடையில்லாமல் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தான்.

"பாத்தீங்களா, என்ன அழகு," என்றார் மலிக் தன்னை அறியாமல். "நகை மாதிரி. அசல்னா அசல்தான்."

உண்மைதான். அழகாக இருந்தது. மூலைகள் எல்லாம் மழுங்க இழைத்திருந்தன. இரும்பின் மேல் ஒரு கீறல் இல்லை, ஒரு தடம் இல்லை. சீன முத்திரை கச்சிதமாகக் குத்தியிருந்தது. கைப்பிடி, நகம் நுழையாதபடி பொருந்தியிருந்தது. பர்யாலை கட்டைவிரலால் பின்பக்க மூலையைத் தடவினான். வழவழவென்று இருந்தது.

அவன் ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

பிறகு உறையை எடுத்து அதன் வாயைப் பிளந்து பார்த்தான். உள்பக்கத் தோலில், பின்மூலை உட்காரும் இடத்தில், ஒரு பள்ளம். பல நாள் உரசலில் தோல் நார் நாராகப் பிய்ந்து பஞ்சு போலத் தொங்கியது. துப்பாக்கியை உள்ளே வைத்தான். வழவழப்பான அந்த மூலை பள்ளத்தைத் தொடக்கூட இல்லை.

ஜன்தாத் அவன் தோள் வழியாகப் பார்த்தான். ஹாஜியின் கடையில் பிசிறு கீறிய விரலை பர்யாலை உயர்த்திக் காட்டினான். ஜன்தாத் விரலைப் பார்த்தான். உறைக்குள் பிய்ந்திருந்த தோலைப் பார்த்தான். லாஜ்பர் போன வாசலைப் பார்த்தான். 

"பெரியவரே," என்றான் பர்யாலை. "அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

*

உள்கட்டு வாசலில் திரை தொங்கியது. மாதுளம்பூ போட்ட பழைய துணி. அந்தப் பக்கம் மலிக்கின் மனைவி துணைக்கு இருப்பதாகக் கனைத்துக் காட்டினாள். இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் பர்யாலை உட்கார்ந்தான்.

"வக்கீல் அனுப்பின அண்ணனா?" குரல் இளமையாக இருந்தது. அழுது முடித்த குரல்.

"ஆமா தங்கச்சி. ஒரு நல்ல சேதி இருக்கு. உன் புருஷனைக் கொன்னது சைனா இல்ல. நாட்டுச் சரக்கு. சைனா மாதிரி செஞ்சது. உறைக்குள்ள ரொம்ப நாள் இருந்தது அசல். யாரோ அதை எடுத்துட்டு இதை வெச்சிருக்காங்க."

 ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தான். 

"தெரியும்," என்றாள் அவள்.

பர்யாலை திரையைப் பார்த்தான்.

"தினமும் நான்தான் அதை எடுத்து மாட்டுவேன். எடுக்கும்போதெல்லாம் துப்பட்டாவைப் பிடிச்சு இழுக்கும். எத்தனை துப்பட்டா நூல் போயிருக்கு. இவரு மாமா மகன் கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்தேன், இழுக்கல. இவருதான் பிசிறைத் தேய்ச்சுட்டாருன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்."

"யார் மாத்தினதுன்னும்..."

"கல்யாணத்துல லாஜ்பர் வானத்தைப் பாத்து சுட்டான். பொம்பளைங்க எல்லாம் கூரையில நின்னு பாத்தோம். அவனோட பழசு ரெண்டு குண்டுக்கு ஒரு தடவை நின்னுரும். போன வருஷம் ஒரு கல்யாணத்துல அப்படி நின்னு, ஊரே சிரிச்சுது. இந்தத் தடவை ஒரு குண்டுகூட நிக்கல. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அப்பவே கொஞ்சம் வித்தியாசமாப் பட்டுச்சு. இவரு போன பிறகுதான் அது எல்லாம் ஒண்ணா வந்து சேந்துது."

அண்ணன் இரவல் தரமாட்டான். கேட்டால் சத்தம் போடுவான். அதனால் தம்பி சந்தையில் அதே போல் ஒன்று வாங்கி உறையில் வைத்துவிட்டு, அசலை எடுத்துக்கொண்டான். கல்யாணம் முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருப்பான். கை தட்டல் இனித்திருக்கும். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டிருப்பான். அதற்குள் ஆணி பிடுங்கிக்கொண்டது.

"அவன் உன் மேல கொலைப்பழி போடறான். இதை நீ ஏன் சொல்லல?"

"பயத்துல போடறான் அண்ணே. அது அசல்தான்னு எல்லாரும் நம்பினா அவன் கை சுத்தம். அவனே தனக்கு அப்படிச் சொல்லிக்கிட்டிருக்கான்."

"நான் கேட்டது உன்னைப் பத்தி."

 மலிக்கின் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எனக்கு ஒரு பையன். எங்க அப்பா வீட்டுல விட்டிருக்கேன். உன் அப்பனைக் கொன்னது உன் சித்தப்பாதான்னு இன்னிக்கு ஜிர்காவுல சொல்லிட்டா, பெரியவங்க தெரியாம நடந்ததுன்னு சமாதானம் பண்ணி வெப்பாங்க. ஆடு அறுப்பாங்க. கட்டிப்பிடிப்பாங்க. அப்புறம் அவன் வளருவான். ஹுஜ்ராவுல எவனாவது ஒருத்தன், ஒரு சண்டையில, 'அப்பன் ரத்தம் கேக்கத் தெரியாதவன்தானே நீ'ன்னு சொல்லுவான். ஒரு தடவை சொன்னாப் போதும்."

 பர்யாலை படித்த சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை.

"நாட்டுச் சரக்குன்னு நிரூபிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதோட நிறுத்திக்குங்க."

"யார் மாத்தினதுன்னு கேப்பாங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னா அந்த ஆள் கடைக்கு முன்னால துப்பாக்கியோட போய் நிப்பாங்க."

"இவரு மேல போடுங்க."

"யாரு மேல?"

"என் வீட்டுக்காரர் மேல. பணமுடை வந்துச்சு, அசலை வித்துட்டு வெளிய தெரியாம இருக்க இதை வாங்கி வெச்சிருந்தாருன்னு சொல்லுங்க." குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. "அவரு தாங்குவாரு."

அவன் வெளியே வந்தபோது ஜன்தாத் வாய்க்கால் ஓரம் குந்தியிருந்தான்.

"கேஸ் முடிஞ்சுதா உஸ்தாத்?"

"பாதி."

"மீதி?"

"மீதியை நாம பாக்கவே இல்ல."

ஜன்தாத் அவன் முகத்தைப் படித்தான். பிறகு எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். "கண்டக்டர் வேலையில இதுக்கு, டிக்கெட் கிழிக்காம ஏத்தறதுன்னு பேரு. மாட்டினா சீட்டுக் கிழியும். ஆனா ஏத்தாம விட்ட நாள்லதான் தூக்கம் வராது."

*

அஸர் முடிந்தது. ஹுஜ்ராவில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாசல் முளைகள் நிறைந்திருந்தன. லாஜ்பர் மூலையில், சால்வைக்குள். உள்கட்டுத் திரைக்குப் பின்னால் பெண்கள் இருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. தோர்பெகாயின் தகப்பனார் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

லாஜ்பர் தன் வாக்கியத்தைச் சொன்னான். தலைகள் ஆடின.

பர்யாலை எழுந்தான். "அவர் சொன்னது சரி. சைனா விழுந்து வெடிக்காது." திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. "மலிக் சாஹிப், உங்க பிஸ்டல் என்ன?"

"சைனா."

"கொஞ்சம் கடன் கொடுங்க. கீழ போடப் போறேன்."

மலிக் மகனைக் கடன் கேட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். ஆனாலும் குண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தார். பர்யாலை கொண்டியை ஏற்றி, சேஃப்டி போட்டு, கல் தளத்தில் போட்டான். ஒவ்வொரு முறையும் மலிக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று முறை. கொண்டி அசையவில்லை. மலிக் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

"இப்ப மம்ரேஸோடது."

முதல் முறை போட்டான். ஒன்றும் ஆகவில்லை. லாஜ்பரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறானோ என்னவோ. இரண்டாவது முறை. ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் ஒருவர் செருமினார். தோர்பெகாயின் தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்தாத்தின் முகத்தில் நகைச்சுவை எதுவும் மிச்சமில்லை.

மூன்றாவது முறை விழுந்தபோது உலோகச் சத்தத்துக்குள் இன்னொரு சிறு சத்தம் கேட்டது.

டக்.

கொண்டி இறங்கியிருந்தது. குண்டு இருந்திருந்தால் அந்த வட்டத்தில் ஒருவர் குறைந்திருப்பார்.

"இது சைனா இல்ல," என்றான் பர்யாலை. "நாட்டுச் சரக்கு."

"பொய்!" லாஜ்பர் எழுந்துவிட்டான். "பாருங்க அதை! எவ்வளவு அழகா இருக்கு! நாட்டுச் சரக்கு இப்படி இருக்குமா?"

"அழகா இருக்கறதாலதான் சொல்றேன்." பர்யாலை இரண்டையும் மலிக்கின் கையில் வைத்தான். "தடவிப் பாருங்க பெரியவரே. உங்களுது கையைக் கீறும். சைனாக்காரனுக்கு இதை யாரு வாங்குவாங்கன்னு தெரியாது, கவலையும் இல்ல. சுடுதான்னு பாப்பான், பெட்டியில போடுவான். நம்ம ஆளுக்கு அப்படி இல்ல. பக்கத்துக் கடைக்காரன் பாப்பான், மச்சினன் பாப்பான். முத்திரையைச் சரியாக் குத்திட்டான், எடையைச் சரியாக் கொண்டுவந்துட்டான். பிசிறை மட்டும் அவனால விட முடியல. இழைச்சுட்டான். கண்ணுக்குத் தெரியாத இடத்துல மட்டமான இரும்பைப் போட்டுட்டான்."

மலிக் இரண்டையும் தடவினார். கைக்குக் கை மாறி இரண்டும் வட்டம் சுற்றின. ஒருவர் விரலைச் சப்பிக்கொண்டார். யாரும் லாஜ்பர் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல. உறையைப் பாருங்க. அசல்தான் ரொம்ப நாள் இதுல இருந்திருக்கு, தோலைத் தின்னிருக்கு. அப்புறம் மாறியிருக்கு."

"யாரு மாத்தினது?"

பர்யாலைக்குச் சோர்வாக இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை நாலு கட்டில் தள்ளி, சால்வைக்குள், ஒரு வெயிஸ்ட்கோட்டின் உள்துணியைத் தின்றுகொண்டிருந்தது. வாழ்க்கையில் அவன் கண்டுபிடித்த மிகச் சுத்தமான விடை அதுதான்.

"மம்ரேஸ்தான்," என்றான். "பணமுடைக்கு வித்திருப்பார். வெளிய சொல்ல வெக்கப்பட்டிருப்பார்."

பெரியவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். பாவம் என்றார் ஒருவர். சொல்லியிருந்தால் நாங்கள் கொடுத்திருக்க மாட்டோமா என்றார் இன்னொருவர். லாஜ்பர் நின்ற இடத்திலேயே நின்றான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அண்ணன் பெயர் தெருவில் கிடந்தது, எடுத்து நிறுத்த அவன் ஒருவனால் மட்டும்தான் முடியும். வாயைத் திறந்தான். மூடினான்.

மலிக் சனோபர் லாஜ்பரின் சால்வையைப் பார்த்தார். வாசல் முளைகளைப் பார்த்தார். பிறகு பர்யாலையை ரொம்ப நேரம் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இரண்டு கைகளையும் ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். இறந்தவனுக்காகத் துஆ ஓதப்பட்டது. அந்தப் பெண் மேல் குற்றமில்லை, பையன் தாயோடு இருப்பான் என்று தீர்ப்பானது.

*

அதற்குப் பிறகு நடந்ததை மீராகலேயில் பலவிதமாகச் சொல்கிறார்கள். அவள் மைத்துனனை மன்னித்து ஆசி கொடுத்தாள் என்று மலிக் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். பொய்ப் பழி போட்டதற்கு மண்ணை வாரித் தூற்றினாள் என்று சந்தையில் பேச்சு. ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள் என்பவர்களும் உண்டு. பர்யாலை பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

தகப்பனாரின் டாங்கா ஹுஜ்ராவின் பின்வாசலில் நின்றது. அவள் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிய வெள்ளைத் திரையோடு வந்தாள். தகப்பனார் குதிரைக்குக் கடிவாளம் மாட்டிக்கொண்டிருந்தார். கரும்புக் கொல்லை ஓரமாக லாஜ்பர் வந்தான். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. சால்வையை விலக்கினான். உள்ளே இருந்ததை இரண்டு கைகளாலும் நீட்டினான். முரட்டு இரும்பு. மூலையில் பிசிறு.

"அண்ணி," என்றான். "இது அண்ணனோடது. நான் திருப்பி வெச்சுடலாம்னுதான்... சத்தியமா அண்ணி. பையனுக்குச் சேர வேண்டியது. நான் உள்ள போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

அவன் திரும்பி ஹுஜ்ரா பக்கம் ஓர் அடி வைத்தான். பர்யாலை குறுக்கே போகவில்லை. ஜன்தாத்தும் போகவில்லை. அவளுடைய கை மட்டும் திரைக்குள்ளிருந்து வெளியே வந்து, தொடாமல், காற்றிலேயே அவனை நிறுத்தியது.

அவன் நின்றான். அழத் தொடங்கினான். அவள் காத்திருந்தாள். பிறகு டாங்காவின் படியில் காலை வைத்தபடி, சத்தம் போடாமல், வீட்டு வேலை சொல்வது போலச் சொன்னாள்.

"அதை என் பையன் கண்ணுல படாம வெச்சுக்கோ."